ஒரு பொதியும் அதன் சுற்றமும்



வரலாறு என்றால் மன்னர்களும் போர்களும் கல்வெட்டுகளும் என்றே நம்மிற் பலர் எண்ணிப் பழகியிருக்கின்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்த நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இன்று நான் சொல்லப்போவதோ முடியும் படையும் இல்லாத ஒரு வரலாறு. அது நடந்த களம் உங்கள் மடிக்கணினியின் உள்ளே இருக்கிறது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஒரு மென்பொருளைப் புதியதாக மாற்றும்பொழுது, அதனைச் சார்ந்தவையும் அது சார்ந்திருப்பவையும் என்னவாகின்றன? அந்தச் சிக்கலை மனிதர்கள் எவ்வாறு தீர்த்து வந்தார்கள்? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

காணை ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவன் நான். எங்களுக்கு அண்மையிலுள்ள பெரிய ஊர் விழுப்புரம். அங்குள்ள இரயில் சந்திப்பிலிருந்து சென்னைக்கும், திருச்சிக்கும், கடலூர் வழியாகத் தஞ்சைக்கும், புதுவைக்கும், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் பாதைகள் பிரிகின்றன. என் இளமையில் இவை மீட்டர் பாதைகள். தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர் அகலம். 1992ஆம் ஆண்டில் இந்திய இரயில்வே நாடெங்கும் ஒரே அகலம் வேண்டும் என்று முடிவு செய்தது. 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை ஒவ்வொரு திசையிலும் வரத் தொடங்கியது. தண்டவாளத்தை மட்டும் மாற்றினால் போதுமா? பெட்டியின் சக்கரம் மாறவேண்டும், இஞ்சின் மாறவேண்டும், நடைமேடை, பாலம், பணிமனை யாவும் மாறவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் இயலாது. ஆகவே பல்லாண்டுகள் ஒரே சந்திப்பில் இரண்டு அகலங்களும் இருந்தன. பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றொரு வண்டிக்கு ஓடினார்கள். நானும் ஓடியிருக்கிறேன். இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு உதவும்.

1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றைப் படைப்பதாக அறிவித்தார். அதற்குக் குனூ என்பது பெயர். 1991இல் பின்லாந்தின் எல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உட்கருவை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். இரண்டும் இணைந்தபொழுது ஒரு முழுமையான இயங்குதளம் பிறந்தது. ஆனால் இதனை ஆக்கியவர்கள் உலகின் பல மூலைகளில் இருந்தார்கள். உட்கரு ஓரிடத்தில், எழுதும் கருவி வேறிடத்தில், அச்சிடும் கருவி மற்றோரிடத்தில் ஆக்கப்பட்டன. இவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்துமாறு கட்டித் தருபவர் வேண்டுமன்றோ? அப்பணியைச் செய்த முயற்சிகளே 'வழங்கல்கள்' எனப்படுகின்றன. 1992இல் வந்த எஸ்.எல்.எஸ். என்பது தொடக்ககால வழங்கல்களுள் ஒன்று. நெகிழ்வட்டுகளின் அடுக்கு ஒன்றாக அது வந்தது. அதில் பிழைகள் மலிந்திருந்தன. அதன்மேல் மனக்குறை கொண்டு எழுந்தவை இரண்டு. 1993ஆம் ஆண்டு சூலையில் பாட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் அறிவித்த டெபியன் மற்றொன்று.

பொதி என்னும் சொல்லைத் தமிழ்க் கணிப்பொறியாளர்கள் நன்றாகவே தேர்ந்திருக்கிறார்கள். சந்தைக்குச் செல்லும் மாட்டின் முதுகில் ஏற்றும் மூட்டையும் பொதிதான். மென்பொருளின் கோப்புகள் அனைத்தையும் ஒரு மூட்டையாகக் கட்டி, எது எங்கே போய் அமரவேண்டும் என்ற குறிப்பையும் உடன் வைத்தால் அது பொதி. ஸ்லாக்வேரின் பொதிகள் எளியவை. அவிழ்த்துக் கொட்டினால் போதும். தனக்கு வேறு எந்தப் பொதி துணையாக வேண்டும் என்பதை அந்தப் பொதி கூறாது. அதனைக் கண்டறிவது பயனாளரின் பொறுப்பு. அதனை நற்பண்பாகவே போற்றுவோர் இன்றும் உளர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

டெபியனில் வேறு வழி பின்பற்றப்பட்டது. டிபிகேஜி என்னும் பொதி மேலாண்மைக் கருவியை முதலில் மர்டாக்கும் பிறரும் எழுதினார்கள். 1994இல் இயன் ஜாக்சன் என்பவர் அதன் முதன்மைப் பகுதியைப் புதிதாக எழுதினார். இந்தக் கருவி புரிந்துகொள்ளும் பொதியினுள்ளே ஒரு சிறு சீட்டு இருக்கும். பொதியின் பெயர், பதிப்பு எண் ஆகியவற்றோடு, 'நான் இன்ன பொதியைச் சார்ந்திருக்கிறேன். அது இன்ன பதிப்பிற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்', 'இன்ன பொதியோடு என்னால் ஒரே வீட்டில் இருக்க இயலாது', 'இன்னது இருந்தால் நலம், இல்லாவிடினும் வாழ்வேன்' என்னும் செய்திகள் அதில் எழுதப்பட்டிருக்கும். சார்பு, முரண், பரிந்துரை என்று இவற்றை வழங்கலாம். ஒரு சிறு சீட்டுத்தானே என்று எண்ணாதீர்கள். இந்தப் பேச்சின் மற்றப் பகுதி முழுவதும் அந்தச் சீட்டின் விளைவேயாகும்.

சார்பு ஏன் வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்கலாம். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டியதைத் தானே வைத்துக்கொண்டால் என்ன? அக்காலத்தில் வட்டின் இடமும் நினைவகமும் அரியவை. எழுத்தைத் திரையில் காட்டுதல், கோப்பைச் சுருக்குதல் போன்ற பொதுப் பணிகளை நூறு மென்பொருள்களும் தனித்தனியே செய்துகொண்டால் நூறு மடங்கு இடம் வேண்டும். ஆகவே பொதுப்பணிகளை 'நூலகம்' எனப்படும் பொதிகளில் வைத்து, எல்லாரும் அவற்றைப் பகிர்ந்துகொண்டார்கள். இடத்தைக் காட்டிலும் பெரிய நன்மை ஒன்றும் உண்டு. பொது நூலகத்தில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டால், அதனை ஓரிடத்தில் திருத்தினாலே அதனைப் பயன்படுத்தும் அனைத்தும் திருந்தும். ஆனால் ஊர்ப் பொதுக்கிணற்றில் கைவைப்பவன் எல்லா வீட்டுக் குடத்திலும் கைவைக்கிறான். நன்மையும் இடரும் ஒரே இடத்திலிருந்து பிறந்தன.

இந்தப் பொதுக்கிணறுகளுள் தலையாயது சி நூலகம். ஏறத்தாழ எல்லா மென்பொருளும் அதனைச் சார்ந்தே நிற்கும். 1990களின் பிற்பகுதியில் இந்நூலகம் ஐந்தாம் வகையிலிருந்து ஆறாம் வகைக்கு மாறியது. பழைய நூலகத்திற்காக ஆக்கப்பட்ட மென்பொருள் புதியதில் ஓடாது. புதியதற்கு ஆக்கப்பட்டது பழையதில் ஓடாது. விழுப்புரம் சந்திப்பை நினைவுகூருங்கள்! இங்கும் தண்டவாளத்தின் அகலமே மாறிற்று. டெபியன் தொண்டர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு நூலகங்களும் வேறு வேறு பெயரோடு ஒரே கணிப்பொறியில் அருகருகே இருக்குமாறு செய்து, பொதிகளை ஒவ்வொன்றாகப் புதியதற்குக் கொண்டுவந்தார்கள். அவ்வேலை நிறைவுற்று 1998 சூலையில் டெபியன் 2.0 வெளிவந்தது. 1996இல் வெளிவந்த 1.1 பதிப்பில் 474 பொதிகளே இருந்தன. 2.0இல் அவை 1500ஐக் கடந்துவிட்டன.

மற்றொரு பெருவழி ரெட் ஹேட் நிறுவனத்துடையது. எரிக் டிரோன், மார்க் யூவிங் ஆகியோர் ஆக்கிய ஆர்.பி.எம். என்னும் முறை 1995இல் வந்தது. இதிலும் சார்புச் சீட்டு உண்டு. ஆனால் அக்காலத்துப் பயனாளர் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஒரு பொதியை நிறுவ முயன்றால், 'எனக்கு இன்னது வேண்டும்' என்று அது மறுத்துவிடும். அதனைத் தேடிக் கொணர்ந்தால் அது வேறு இரண்டைக் கேட்கும். அவ்விரண்டில் ஒன்று, முன்னரே இருக்கும் மற்றொன்றோடு முரண்படும். தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல மெல்ல இணையம் ஊர்ந்த காலம் அது. இரவெல்லாம் விழித்துப் பொதி தேடியவர்கள் இதற்குச் 'சார்பு நரகம்' என்றே பெயரிட்டார்கள். சீட்டு நோயைச் சொல்லிற்று. மருந்தை யாரும் கொணரவில்லை.

மருந்து 1998இல் பிறந்தது. ஆப்ட் என்பது அதன் பெயர். ஜேசன் கந்தார்ப் முதலியோர் அதனை எழுதினார்கள். 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்பு அதனைத் தாங்கி வந்தது. டிபிகேஜி கையில் கொடுத்த பொதியைப் பிரித்து வைக்கும் பணியாள். ஆப்ட்டோ மேற்பார்வையாளர். எந்தப் பொதிக்கு எது வேண்டும், அதற்கு எது வேண்டும் என்று தொடர்ந்து கணக்கிட்டு, இணையத்திலுள்ள களஞ்சியத்திலிருந்து அனைத்தையும் வரவழைத்து, முறைப்படி அடுக்கி, பணியாளிடம் ஒப்படைப்பார். பிற்காலத்தில் ரெட் ஹேட் வழியினருக்கும் யம் என்னும் கருவி இவ்வாறே அமைந்தது.

இவ்விடத்தில் ஆப்ட்டின் மூன்று ஆணைகளைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் கல்லூரி மாணவரும் இவற்றைக் குழப்பிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். 'அப்டேட்' என்னும் ஆணை எந்த மென்பொருளையும் மாற்றுவதில்லை. பள்ளி நூலகத்தில் புதிய நூற்பட்டியலை வாங்கி மேசைமேல் வைப்பது போன்றது அது. அலமாரியில் ஒரு நூலும் நகராது. 'அப்கிரேடு' என்பது, உள்ள பொதிகளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் மாற்றும். ஆனால் உள்ள எதனையும் வெளியேற்றாது. ஒன்றைப் புதுப்பிக்க வேறொன்றை நீக்கியே ஆகவேண்டும் என்றால், அந்தப் பொதியைத் தொடாமல் நிறுத்திவைக்கும். 'ஃபுல் அப்கிரேடு' என்பதற்கு வெளியேற்றும் அதிகாரமும் உண்டு. ஆனால் எவற்றை வெளியேற்றப்போகிறது என்பதை முன்கூட்டியே ஒரு பட்டியலாகக் காட்டி, 'செய்யலாமா?' என்று கேட்கும். அந்தப் பட்டியலைப் பற்றி நான் சொந்தமாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு லினக்ஸ் வந்த வரலாறு பலருக்குத் தெரியாது. 2006ஐ ஒட்டி, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைக் கைக்கொண்டு அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பரப்ப முற்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், சென்னையில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் பாரத இயங்குதளத்தை ஆக்கி, 2007இல் வெளியிட்டது. தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்கு அதில் இடம் இருந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபொழுது, விண்டோசோடு பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்த கணினிகள் சிற்றூர்க் குடிசைகளுக்குள்ளும் நுழைந்தன. அண்டையிலுள்ள கேரளம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்குப் பள்ளிகளுக்கென்றே உபுண்டுவிலிருந்து ஒரு வழங்கலை உருவாக்கி, அதனைப் பாடத்தோடு இணைத்து, காலத்துக்குக் காலம் புதுப்பித்தும் வருகிறார்கள். நாம் கணினியைக் கொடுத்தோம். புதுப்பிக்கும் கலையை அதே அளவிற்குக் கொடுத்தோமில்லை என்பது என் கருத்து. இதனைக் குற்றச்சாட்டாகக் கொள்ளவேண்டா. அக்கலையை நானும் அன்று அறியேன்.

அத்தகைய மடிக்கணினி ஒன்று என் கையில் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு ஊர் வரலாறு ஒன்றைப் பாஸ் லினக்ஸில் எழுதி வந்தாள். ஏரி வெட்டிய கதை, பஞ்சகாலக் கதை என்று நாற்பது பக்கம் இருக்கும். அவள் உறவினர் அனுப்பிய கோப்பு ஒன்றைத் திறக்க, அலுவலகத் தொகுப்பின் புதிய பதிப்பு வேண்டியிருந்தது. பாஸின் களஞ்சியத்தில் அது இல்லை. நான் எங்கோ படித்த அரைகுறை அறிவைக் கொண்டு, வேறொரு வழங்கலின் களஞ்சிய முகவரியை அவளுடைய கணினியின் பட்டியலில் சேர்த்து, புதுப்பிக்கும் ஆணையைக் கொடுத்தேன். திரையில் நீண்ட பட்டியல் ஒன்று ஓடிற்று. இறுதியில் 'தொடரலாமா?' என்ற வினா வந்தது. 'ஆம்' என்று தட்டினேன். ஆவணத்தை முதலெழுத்திலிருந்து கடையெழுத்துவரை படித்த பின்னரே முடிவு கூறவேண்டும் என்று வகுப்புத்தோறும் முழங்கியவன், ஓர் ஆவணத்தைப் படியாமலே ஒப்பமிட்டேன்.

அரைமணி நேரம் கழித்துக் கணினியை மீண்டும் இயக்கினோம். வண்ணத் திரை வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளெழுத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது, அவ்வளவே. அந்தப் பெண் அழவில்லை. "ஐயா, நான் எழுதினதெல்லாம் போயிடுச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. 'தெரியாது அம்மா' என்று சொல்லும் துணிவும் அன்று இல்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று மழுப்பினேன்.

நடந்தது யாதெனில், புதிய அலுவலகத் தொகுப்பு புதிய சி நூலகத்தைக் கேட்டது. அந்தப் புதிய நூலகமோ, பாஸில் இருந்த பழைய திரை மேசைப் பொதிகள் சிலவற்றோடு முரண்பட்டது. வேண்டியதைக் கொண்டுவர ஒரே வழி, முரண்படுபவற்றை வெளியேற்றுவது. ஆப்ட் அவ்வாறே கணக்கிட்டு, வெளியேற்றப்படுவனவற்றை ஒழுங்காகப் பட்டியலிட்டு, என் இசைவையும் பெற்று, ஆணையை நிறைவேற்றியது. கருவியின்மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் விழுப்புரத்தில் கணினி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர், விரல்நீளத் துணைவட்டு ஒன்றிலிருந்து கணினியை இயக்கி, அவளுடைய கோப்புகள் இருந்த அடைவைத் திறந்து காட்டினார். நாற்பது பக்கமும் அப்படியே இருந்தன. பொதி மேலாண்மைக் கருவி மென்பொருளை வைக்கும், எடுக்கும். பயனாளர் தம் வீட்டு அடைவில் எழுதிவைத்தவற்றைத் தொடாது. இதனை நான் முன்னரே அறிந்திருந்தால், ஓர் இரவு முழுதும் அவளைக் கலங்க விட்டிருக்கமாட்டேன். படி எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கியிருந்தால் கலக்கத்திற்கே இடமிருந்திராது.

இதே பிழையை உலகறியச் செய்தவர் ஒருவர் உண்டு. கனடா நாட்டில் கணினி பற்றிய காணொளிகளால் புகழ்பெற்ற லினஸ் செபாஸ்டியன் என்பவர், 2021ஆம் ஆண்டு நவம்பரில் பாப் ஓ.எஸ். என்னும் வழங்கலில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முற்பட்டார். அந்நேரத்தில் களஞ்சியத்தில் சார்புகள் பொருந்தாமல் இருந்தன. திரை மேசையையே நீக்கவேண்டியிருக்கும் என்று ஆப்ட் எச்சரித்தது. 'நான் சொல்வதைச் செய்' என்னும் பொருள்பட ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யுமாறும் கேட்டது. அவர் செய்தார். மேசை போயிற்று. இலட்சக்கணக்கானோர் அதனைக் கண்டார்கள். அவர் அறியாமையைச் சிலர் எள்ளினார்கள். இத்தகைய கத்தியைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாமா என்று வேறு சிலர் கேட்டார்கள். இரண்டாவது வினாவே பயன் தந்தது. அடிப்படைப் பொதிகளை அத்துணை எளிதில் நீக்க இயலாதவாறு ஆப்ட் திருத்தப்பட்டது. எனக்கும் அக்காணொளி ஒருவகை ஆறுதல் தந்தது என்பதை ஒளிப்பானேன்!

நிற்க. சார்புகளைக் கணக்கிடுவது எவ்வளவு கடினம்? 2006இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர், ராபர்ட்டோ டி காஸ்மோவும் அவருள் ஒருவர், இதனைக் கணித முறையில் ஆராய்ந்தார்கள். ஒரு பொதியை அதன் எல்லாச் சார்புகளோடும் முரணின்றி நிறுவ முடியுமா என்று கண்டறிவது, கணினியியலில் மிகக் கடினமானவை என்று வகுக்கப்பட்ட சிக்கல்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று நிறுவினார்கள். கொடுத்த விடை சரியா என்று பார்ப்பது எளிது. விடையைக் கண்டுபிடிக்கும் வேலையோ பொதிகள் பெருகப் பெருக மலையாகலாம். நடைமுறையில் கருவிகள் நொடிகளில் விடை தருகின்றனவே என்றால், அதற்குக் காரணம் தொண்டர்களின் கட்டுப்பாடு. ஒரு நிலையான பதிப்பை வெளியிடுமுன் பல மாதங்கள் புதியன புகாமல் நிறுத்தி, ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சோதித்துப் பின்னரே வெளியிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் 69,830 பொதிகள். 474இலிருந்து இத்துணையும் வளர்ந்து இன்னும் சிதறாமல் நிற்கிறது.

சார்பை அடியோடு தவிர்க்க முயன்றவர்களும் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்திரா 2006இல் அளித்த ஆய்வேட்டின்படி, நிக்ஸ் என்னும் முறை ஒரே நூலகத்தின் பல பதிப்புகளைத் தனித்தனி அறைகளில் வைக்கிறது. புதுப்பிப்புப் பிடிக்காவிடில் பழைய நிலைக்கு ஒரே ஆணையில் திரும்பலாம். ஸ்னாப், ஃபிளாட்பேக் ஆகியவை மென்பொருளோடு அதற்கு வேண்டியவற்றையும் சேர்த்தே கட்டித் தருகின்றன. இடம் மிகுதியாகச் செல்லும். பொதுக்கிணற்றில் ஒரே முறை மருந்திடும் வசதியும் குறைந்துவிடும். ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலும் தனித்தனியே இடவேண்டும்.

பொதுக்கிணற்றில் நஞ்சு கலக்க ஒருவர் முயன்ற கதையையும் கேளுங்கள். அண்மைக்கால வரலாற்றில் இதனினும் வியப்பான ஒன்றை நான் அறியேன். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.செட். என்னும் சிறு பொதியை லாசே காலின் என்பவர் நெடுங்காலம் ஊதியமின்றித் தனியொருவராகப் பேணி வந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்னும் பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாக உழைத்தார், நம்பிக்கையைப் பெற்றார், புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமையையும் பெற்றார். 2024இன் தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வாயிலைத் திறந்துவிடும் கள்ளச் சாவி ஒன்றை அவர் மறைத்து வைத்திருந்தார். அந்த வாயிற்காவல் மென்பொருள் எக்ஸ்.செட். நூலகத்தை நேரே அழைப்பதும் இல்லை. சில வழங்கல்களில் அது வேறொரு நூலகத்தைச் சார்ந்திருந்தது, அந்நூலகம் எக்ஸ்.செட்.டைச் சார்ந்திருந்தது. சார்பின் சார்பு வழியே கள்வன் வந்தான்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர். தம் சோதனைக் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி மிகுதியாகிறதே என்று ஐயுற்றுத் துருவினார். 2024 மார்ச் 29ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். அரை நொடி! பெரும்பாலோர் கவனித்துமிரார். டெபியனின் சோதனைக் கிளைகளில் அப்பதிப்பு நுழைந்துவிட்டிருந்தது. நிலையான பதிப்பிலோ பழைய 5.4 வரிசையே இருந்தமையால் அதனைப் பயன்படுத்தியோர் தப்பினார்கள். புதியது எதுவாயினும் உடனே வேண்டும் என்று துடிக்கும் இளைஞர்களுக்கு இந்நிகழ்ச்சியை நான் சொல்வதுண்டு. ஆனால் பழையதிலேயே அமர்ந்துவிடலும் ஆகாது; பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பதிப்பு, காவலர் ஓய்வு பெற்றுச் சென்ற வீடு. ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

இப்பொழுதும் ஒரு பெரிய அகலமாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. கணினிகள் 1970 சனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக் காலத்தை அறிகின்றன. அந்த எண்ணிக்கையை 32 இலக்க இருமப் பெட்டியில் வைத்திருக்கும் பழைய அமைப்புகளில், 2038 சனவரி 19ஆம் நாள் பெட்டி நிரம்பிவிடும். பெட்டியை 64 ஆக்கினால், அதனைத் தொடும் ஒவ்வொரு நூலகமும், அந்நூலகத்தைச் சாரும் ஒவ்வொரு பொதியும் புதிதாக ஆக்கப்படவேண்டும். 2024இல் டெபியன் தொண்டர்கள் மிகப் பல நூலகப் பொதிகளைப் பெயரின் ஈற்றில் ஒரு குறியிட்டு மாற்றினார்கள். அந்நாட்களில் சோதனைக் கிளையைப் பயன்படுத்தியவர்களின் கணினிகளில், வாரக்கணக்கில் பல பொதிகள் 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளன' என்ற செய்தியோடு நின்றன. இரு அகலப் பாதைகளுக்கிடையே மூட்டையோடு ஓடிய பயணிகளை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மாவட்டத்தில் விழுப்புரம் குனூ/லினக்ஸ் பயனர் குழுவினர் மாணவர்க்கு இக்கலையைக் கற்பித்து வருகிறார்கள். 2012இல் தொடங்கிய கணியம் இதழ் வழியாகத் தமிழிலேயே இவற்றைப் படிக்கவும் வழியுண்டு. எனக்கு இவையெல்லாம் காலம் தாழ்ந்தே கிடைத்தன.

அந்த மாணவி இன்று ஆசிரியை. சென்ற ஆண்டு தன் பழைய மடிக்கணினியைக் கொணர்ந்து, "ஐயா, இதைத் தம்பி மகனுக்குக் கொடுக்கலாமான்னு பாருங்களேன்" என்றாள். அதிலிருந்த பதிப்பிற்குத் திருத்தங்கள் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்பிற்கே ஏறவேண்டும், இடையில் தாவலாகாது என்பது டெபியனின் விதி. அத்தனை படிகளையும் ஏறுவதைவிடப் புதிதாக நிறுவுவதே எளிது என்று முடிவு செய்தோம். முதலில் அவளுடைய கோப்புகளை இரண்டு இடங்களில் படி எடுத்தோம். நாற்பது பக்க ஊர் வரலாறும் அதில் இருந்தது. பின்னர் நிறுவினோம். இறுதியில் புதுப்பிக்கும் ஆணையைக் கொடுத்தபொழுது பட்டியல் ஓடிற்று. நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன். அவள் அருகிலிருந்து சிரித்தாள். நீக்கப்படுபவை என்ற தலைப்பின்கீழ் ஒன்றும் இல்லை; இரண்டு பொதிகள் மட்டும் தம் நூலகத்திற்காகக் காத்து நின்றன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, வினாவிற்கு 'ஆம்' என்று அவளையே தட்டச் சொன்னேன்.